அவித்த மாவில் ஒரு றக்கூன்

மூன்று மாதங்களில் ஐந்தாம் மாடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறி வந்த பொருட்களை நான் எழுதி வைத்திருந்தேன். முட்டைப் பெட்டியில் செய்த மயிர்க்கொட்டிப் புழு. பழைய காலுறையில் செய்த முயல், ஒரு காது குட்டை. தேயிலைப் பெட்டியில் ஒரு கட்டில், அதில் படுக்க நூல்கண்டில் ஒரு பொம்மை. பருப்பும் கௌபிப் பயறும் செதிலாக ஒட்டிய மீன். அந்த மீனிலிருந்து தினமும் இரண்டு பருப்பாவது நிலத்தில் உதிரும், நான் கூட்டுவேன்.

ஏன் எழுதினேன் என்றால், அது கைப்பழக்கம். மார்க்கம் என்ற நகரில் ஒரு அலுவலகத்தில் கணினி நிரல்களைப் பரிசோதிப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதுவார்கள், அது எந்த இடத்தில் உடைகிறது என்று நான் கண்டுபிடித்து, வரிசையிட்டு எழுதிக் கொடுப்பேன். வீட்டிலும் குளிர்பெட்டிக் கதவில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலைக் கதவில் ஒட்டவில்லை. கைப்பைக்குள் வைத்திருந்தேன். அது பொறாமையின் பட்டியல் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நாட்டைவிட்டு வந்து நாங்கள் வோபர்ன் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில் எட்டாம் மாடியில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மகளுக்கு நாலரை வயது, அரைநாள் பள்ளிக்கூடம். பதினொன்றரைக்கு அவளைக் கூட்டி வந்து, நான் வேலையால் வரும்வரை வைத்துப் பார்த்தவள் ஐந்தாம் மாடியில் இருந்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, நாங்கள் யாழ்ப்பாணம். என்னைவிட இரண்டு வயது இளையவள். கணவன் தொழிற்சாலையில் பின்னேர வேலை, பிள்ளைகள் இல்லை. என்னை அக்கா என்பாள். மகளுக்கு அவள் அன்ரி.

அவளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் தேடிப் பார்த்தேன். நேரம் தவறமாட்டாள். மூக்கு வடிந்தால் துடைப்பாள், தொலைக்காட்சி போடமாட்டாள், சாப்பாடு முடித்த கோப்பையைக் கழுவி மேலே அனுப்புவாள். பரிசோதனையில் ஒரு பிழையும் அகப்படாத நிரலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

என் மகள் பேசும் தமிழ் மாறத் தொடங்கியது. ஒருநாள் குளிக்க வார்க்கும்போது, "தண்ணி சுடுது கா" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் 'கா' போட்டுப் பேசுவதில்லை. அது ஐந்தாம் மாடியின் 'கா'. இன்னொரு நாள் கதவிடுக்கில் விரல் நசிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கைகளுக்குள் இருந்துகொண்டே, "அன்ரீ!" என்று கத்தினாள்.

அன்று கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.

"பிள்ளை சந்தோஷமா இருக்குது. உமக்கு உதில என்ன நட்டம்?"

"நட்டம் எண்டு நான் சொன்னனானே?"

"மூஞ்சை சொல்லுது."

அதன்பிறகு நான் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் குழந்தைகளுக்கான கைவேலைப் புத்தகம் ஒன்றை இரவல் எடுத்து, தேவையான பொருட்களை ஒரு வாரம் முன்பே எழுதி, ஒவ்வொன்றாக வாங்கி, மேசையில் பழைய பேப்பர் விரித்து, காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். முதல் சனிக்கிழமை பால்பெட்டியில் குருவிக்கூடு. வட்டம் சரியாக வரவேண்டும் என்று கவராயத்தால் கீறி நானே வெட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது மகள் மேசைக்குக் கீழே இருந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை பழைய கிரேயோன் துண்டுகளை உருக்கிப் பெரிய கிரேயோன் செய்வது. சிறிய சட்டியைச் சுடுநீரில் வைத்து உருக்கச் சொல்லியிருந்தது. புத்தகம் சொன்ன நிமிடத்துக்கு உருகவில்லை என்று நெருப்பைக் கூட்டினேன். சட்டி சரிந்தது. ஊதா மெழுகு அடுப்பெல்லாம் ஓடி, பக்கத்தில் வைத்திருந்த இடியப்பத் தட்டுகளின் ஓட்டைகளை அடைத்துவிட்டது. ஒரு ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுக்க ஞாயிறு முழுவதும் போனது. அடுத்த சில நாட்களுக்கு எங்கள் இடியப்பத்தில் ஊதாப் புள்ளிகள் இருந்தன. மகளுக்கு அது மட்டும்தான் அந்த வேலையில் பிடித்திருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை நான் புத்தகத்தைப் பார்த்து அடுத்த படியை வாசித்துக்கொண்டிருக்க, அவள் கேட்டாள்:

"அம்மா, இன்னும் எவ்வளவு வாசிக்கோணும்?"

"கொஞ்சம்தான். ஏன்?"

"அன்ரி வாசிக்கிறேல்ல. அவ சும்மா செய்வா."

நான் புத்தகத்தை மூடினேன். மூடிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பத் திறந்தேன்.

மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்த பொருள் ஒன்றை வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். அதை நூலக அறைத் தட்டில் வைப்பார்கள். கூடவே ஒரு சிறிய அட்டை: என் பெயர், நான் செய்தது, யாரோடு செய்தேன். மூன்றாவது கோட்டை நான் இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கோட்டில் என்ன எழுதப்படும் என்பதே அந்த வாரம் எனக்கு வேலையாகிவிட்டது. சனிக்கிழமை செய்யலாம் என்றால் வெள்ளி முந்திவிடும். வியாழக்கிழமை எனக்குப் பல்வைத்தியரிடம் போக விடுப்பு இருந்தது. வியாழன் பின்னேரம் இருவரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று திட்டமிட்டு எழுதினேன்.

புதன்கிழமை வேலையால் வந்து ஐந்தாம் மாடிக் கதவைத் தட்டினேன். மகள் ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"றக்கூன்!"

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டியடியில் ஒரு றக்கூன் திரியும். பூனையைவிடப் பெரிது, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாலில் வளையங்கள். அதையேதான் செய்திருந்தார்கள். மாவும் உப்பும் தண்ணீரும் குழைத்த உருவம். மிளகு இரண்டு கண். கண்ணைச் சுற்றிக் கண்மை. கோப்பித்தூள் கலந்த மாவில் வால் வளையங்கள். ஈர்க்கில் மீசை. அது ஒரு பக்கம் சரிந்து, எதையோ களவெடுத்துவிட்டு மாட்டிக்கொண்டதுபோல் பார்த்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு" என்றாள் மகள்.

"நாளைக்கு அம்மாவோட ஒண்டு செய்யலாம் எண்டு..."

"இதுதான் கா!"

அன்ரி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "இன்னும் ஈரமா இருக்கு அக்கா. அப்பிடியே காயவிட்டாலும் சரி. அவண்ல வைக்கிறதெண்டா ஆகக் குறைஞ்ச சூட்டில வைங்க, இருநூறுக்கு மேல போகப்படா. கன நேரம் எடுக்கும்."

நான் "ஓம்" என்றேன். லிஃப்ற்றில் ஏறும்போது மகள் றக்கூனோடு பேசிக்கொண்டு வந்தாள், அன்ரியின் தமிழில்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் பல்வைத்தியரிடம் இருந்து வந்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடத்தில். அங்கிருந்து வழக்கம்போல அன்ரி கூட்டிப் போவாள். மூன்று மணிக்கு நான் போய் எடுப்பதாக ஏற்பாடு. றக்கூன் மேசையில் இருந்தது. அடிப்பக்கம் இன்னும் ஈரம். அடுப்புக்குக் கீழே இருக்கும் அவணில் வைத்தேன். ஃபாரன்ஹீட் எண்கள் போட்ட சூட்டுக் குமிழைத் திருப்பினேன். பிறகு துணி மடிக்க அறைக்குள் போனேன்.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான், அன்று எத்தனையில் வைத்தேன் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, எனக்குத் தெரியும். நானூறு. இருநூறில் என் கை ஒருகணம் நின்றது. பிறகு போனது. கெதியாகக் காயட்டும் என்று நினைத்தேனா, அல்லது ஒன்றும் நினைக்காமல் இருந்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைக்காத கை அவ்வளவு சரியாக நானூறில் போய் நிற்காது.

புகை எச்சரிக்கை மணி அலறியபோது நான் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன். அவண் கதவைத் திறந்தேன். றக்கூன் வயிறு ஊதி, பாண் போலப் பொருமி, நெஞ்சு பிளந்து கிடந்தது. மீசை கருகியிருந்தது. ஒரு மிளகுக் கண் தெறித்துப் போயிருந்தது. வால் தனியாகத் தட்டில் கிடந்தது. ஒரு துவாயை எடுத்து மணிக்குக் கீழே விசிறியபடி கதிரையில் ஏறி நின்றேன். அப்போது உள்ளே முதலில் எழுந்தது துக்கமில்லை. அது என்னவென்று எழுத எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. துக்கம் இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் வந்தபோது முழுதாக வந்தது. மகள் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தது நினைவில் எழுந்தது.

மூன்று மணிக்குள் அதேபோல ஒன்று செய்வது என்று முடிவெடுத்தேன். கைவேலைப் புத்தகத்தில் அளவு இருந்தது: மா இரண்டு கப், உப்பு ஒரு கப், தண்ணீர் ஒரு கப். நான் இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை கோதுமை மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து, அரிதட்டில் அரித்து, பெரிய தகர ரின்னில் போட்டு வைப்பேன். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அந்த மாதான். அம்மா அப்படிச் செய்தாள், நானும் செய்தேன். கடையிலிருந்து மா வந்தால் அவித்துத்தான் ரின்னுக்குள் போகும். ரின்னைத் திறந்து இரண்டு கப் அள்ளினேன்.

குழைக்கக் குழைக்க அது குழையவில்லை. உருட்டினால் உருண்டது, நீட்டினால் வெடித்தது. உடம்பு நின்றது, காலை ஒட்டினால் உடம்பு விழுந்தது. சரி, தண்ணீர் குறைவு என்று எழுதினேன். இரண்டாம் தரம் தண்ணீரைக் கூட்டினேன். கூழாகி, கையில் பிசுபிசுத்தது. மூன்றாம் தரம் உப்பைப் பாதியாக்கினேன். நாலாம் தரம் இளஞ்சூட்டு நீர், பத்து நிமிடம் குழையல். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது பிழை என்று தெரியாது. வேலையில் நான் புதியவர்களுக்குச் சொல்வது. தண்ணீரை மாற்றினேன், உப்பை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன். மாவை மாற்ற எனக்குத் தோன்றவேயில்லை. மா என்றால் மா.

ஒன்றரை மணிக்கு மேசையில் நாலு கோப்பை உதிரியும், கையெல்லாம் உப்பெரிச்சலுமாக நின்றேன். அவளால் முடிகிறது, புத்தகம் இல்லாமல், அளவில்லாமல் முடிகிறது என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

"பிள்ளை என்ன செய்யிறா?"

"நித்திரை அக்கா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? பல்லு நோகுதா?"

"நான் கீழ வாறன்."

ஒரு கோப்பை உதிரியைத் துணியால் மூடிக்கொண்டு போனேன். கருகிய றக்கூனைக் கடையில் தரும் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டேன். மகள் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். குசினிக்குள் போய் முதலில் கோப்பையைக் காட்டினேன். அன்ரி துணியை நீக்கிப் பார்த்தாள். ஒரு துளி எடுத்து விரலில் உருட்டினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள்.

"என்ன சிரிப்பு?"

"அக்கா, இது புட்டு. தேங்காப்பூ மட்டும்தான் போடயில்ல."

"எனக்கு விளங்கேல்ல."

"அவிச்ச மாவில குழைச்சிருக்கீங்க. அவிச்சா அது எங்க ஒட்டும்? ஒட்டாம உதிரத்தானே யாழ்ப்பாணத்து ஆக்கள் நீங்க மினக்கெட்டு அவிக்கிறீங்க." தன் மா ரின்னைத் திறந்து காட்டினாள். "எங்களுக்குப் புட்டு அரிசி மாவிலதான். கோதம்ப மா றொட்டிக்கு. பச்சையாத்தான் இருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பைக்குள் இருந்த மற்றது வரவிடவில்லை. எடுத்து மேசையில் வைத்தேன். அவள் சிரிப்பு நின்றது. ஒரு விரலால் வெடித்த நெஞ்சைத் தொட்டாள்.

"எத்தனையில வெச்சீங்க?"

பொய் சொல்ல நேரமிருந்தது. "நானூறு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இருநூறுக்கு மேல் போகக்கூடாது என்று தான் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது, நான் எண்களை மறக்கிற ஆள் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. ஒரு தாச்சியில் மாவை அளவில்லாமல் கொட்டி, உப்பைக் கையால் அள்ளிப் போட்டு, தண்ணீர்ச் சாடியையும் தாச்சியையும் என் முன்னால் தள்ளினாள்.

"நீங்க குழையுங்க. நான் தொடமாட்டன்."

"நீர் செய்தால்தான் அதே மாதிரி வரும்."

"நான் செய்தா அது திரும்பவும் என்ட றக்கூன். அதுக்குப் பொறகு என்ன சூடு வைப்பீங்க?"

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்தாள். நான் குனிந்து குழைத்தேன். மா கைக்குள் வழுவழுவென்று ஒன்றாகத் திரண்டது. நீட்டினால் நீண்டது. அவ்வளவு இலகுவாக இருந்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

உடம்பும் தலையும் செய்து முடித்து வாலைத் தொடங்கியபோது வாசலில் மகள் நின்றாள். ஒரு கன்னத்தில் சோபாவின் வரி. மேசையைப் பார்த்தாள். கருகியதைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்ததை.

"அது என்ட றக்கூன் இல்ல."

"இல்லை. பிள்ளையின்ர றக்கூனை அம்மா எரிச்சுப்போட்டன்."

அவள் முகம் சுருங்கத் தொடங்கியது. அழவில்லை. "மிஸ்ரேக்கா?" என்று கேட்டாள்.

அன்ரி உடனே, "ஓம் மனே, மிஸ்ரேக்தான்" என்றாள். எனக்காகச் சொன்னாள். அந்தப் பொய்யை அவளிடமிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவளிடமிருந்து ஏற்கெனவே நிறைய வாங்கியிருந்தேன்.

"பாதி மிஸ்ரேக்" என்றேன்.

"மற்றப் பாதி?"

"மற்றப் பாதி கோவம். பிள்ளை எல்லாத்தையும் அன்ரியோட செய்யிறா எண்டு."

அவள் கதிரையில் ஏறி, என் பக்கத்தில் இருந்து, கருகிய றக்கூனின் மிஞ்சிய மிளகுக் கண்ணை நகத்தால் கிளறி எடுத்தாள்.

"கேட்டிருக்கலாம்தானே கா" என்றாள்.

புதிய றக்கூனின் உடம்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. நன்றாக நேராக நிற்கிறதாம். றக்கூன் அப்படி நிற்காதாம். அதைப் பிசைந்துவிட்டு அன்ரியிடம் நீட்டினாள். அன்ரி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவர்கள் இருவரும் சரிந்த, களவாணி முகமுள்ள ஒன்றை மறுபடி செய்தார்கள். மீசையை மகள் குத்தினாள். மிஞ்சிய பழைய கண்ணை ஒரு பக்கமும், புது மிளகொன்றை மறு பக்கமும் வைத்தாள். என்னிடம் வாலைத் தந்தார்கள். ஐந்து வளையம், ஒரே அகலத்தில் வைத்தேன். அன்ரியின் அவணில், இருநூறில், நாங்கள் மூவரும் தேத்தண்ணியும் பாலும் குடித்துக்கொண்டிருக்க, அது பின்னேரம் முழுவதும் காய்ந்தது.

அட்டையை நிரப்புவது என் வேலை, என் கையெழுத்துத்தான் தெளிவு. மகள் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அவள் பெயர். றக்கூன். மூன்றாவது கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அன்ரி."

எழுதினேன். அதற்குப் பிறகும் பேனாவை எடுக்கவில்லை. அவள் வாலைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா. வால் மட்டும்."

அப்படியே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் நூலக அறையில் மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். பெரும்பாலும் அம்மா, சிலவற்றில் அப்பா. 'வால் மட்டும்' என்று வேறெவருக்கும் எழுதியிருக்கவில்லை. பார்க்க வந்த ஒரு தாய் அதை வாசித்துச் சிரித்தாள். யார் அந்த அம்மா என்று அவளுக்குத் தெரியாது. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு காரடிக்குப் போனேன். மார்க்கம் போய்ச் சேரும்வரை எரிச்சலாகத்தான் இருந்தது. அது அந்த வெள்ளியோடு போனது என்று சொன்னால் பொய்.

அந்த வாரம் கடையில் ஒரு புது ரின் வாங்கினேன். அதில் மாவை அவிக்காமல் கொட்டி, 'அவிக்காதது' என்று எழுதி ஒட்டினேன். மகள் அதைக் கண்டதும் சனிக்கிழமை என்ன செய்வது என்று கேட்டாள். பட்டியல் ஒன்றும் இல்லை, பிள்ளையே சொல்லட்டும் என்றேன்.

"ஸ்கங்க்" என்றாள். றக்கூனோடு அதுவும் குப்பைத் தொட்டிக்கு வரும், பின்பக்கத்தால் நாற்றம் அடிக்கும் பிராணி. பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "அன்ரியும் வரலாமா?"

நான் ரின்னின் மூடியைப் போட்டேன். சரியாக மூடவில்லை என்று திறந்து இன்னொருமுறை போட்டேன்.

"ஓம்" என்றேன். "போய்க் கேட்டுக்கொண்டு வா."

அவள் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் லிஃப்ற்றடிக்கு ஓடினாள். பொத்தான் அவளுக்கு எட்டாது. நான் பின்னால் போய் ஐந்தை அமத்தினேன்.